எடுத்தவர் கையெழுத்து

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

காலையில் டீயை மேசையில் வைத்ததும் தையல்காரம்மா கேட்கிற முதல் கேள்வி அது. பதில் சொல்லாமல் ஸ்டோர்காரர் டம்ளரைத் தொடமாட்டார். ஜன்னலைப் பார்ப்பார், தெருவில் போகிற ஆட்களைப் பார்ப்பார். சில நாள் டக்கென்று சொல்லிவிடுவார். சில நாள், "நேத்துக்கு மறுநாள்" என்று சிரிப்பார். சிரித்தார் என்றால் அன்றைக்கு நாள் சரியில்லை. அன்று முழுக்க அவள் காலால் மிஷினை மிதித்தாலும் காதை வாசல் கேட்டில்தான் வைத்திருப்பாள்.

அடுத்த கேள்வி கத்தரிக்கோல்.

"என் கத்தரி எங்க வச்சேன்? பாத்தீங்களா?"

கத்தரி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளேதான் போய் ஒளித்து வைத்திருப்பாள், ஒரு நாள் அலமாரியில், ஒரு நாள் துணிக்கூடையில். அவர் எழுந்து வீடு முழுக்கத் தேடுவார். தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து நீட்டும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

"டெய்லரம்மா, உன் தலை கழுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிறதால தப்பிச்சது. இல்லைன்னா அதையும் எங்கேயாவது வச்சிட்டுத் தேடுவ."

"ஆமாங்க. நீங்க இருக்கீங்களே, தேடிக் கொடுக்க."

பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற வந்தவர்கள், காலர் பிரிக்க வந்தவர்கள் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். வெளியே போய், "அந்தம்மாவுக்குப் பாவம், வயசாயிடுச்சு. கிழமைகூடத் தெரியலை. வீட்டுக்காரரு இருக்கிறதால வண்டி ஓடுது" என்பார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் அவர். முப்பத்தொரு வருஷம். பன்னிரண்டு ரேக், ரேக்குக்கு ஆறு தட்டு. கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று மெக்கானிக் பொருளின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் கை அந்தத் தட்டில் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை, நூல் கட்டித் தொங்கும். பின் கார்டு என்பார்கள். என்ன பொருள், எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை, கடைசிக் கட்டத்தில் எடுத்தவர் கையெழுத்து. அட்டை இல்லாமல் பொருள் கிடையாது, கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. ஒரு முறை டிப்போ மேனேஜரே ஒரு பல்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். இவர் அட்டையும் பேனாவுமாக ஜீப்புக்குப் பின்னால் கேட் வரைக்கும் ஓடி, மூச்சு வாங்க, "சார், ஒரு கையெழுத்து" என்று நின்றார். அந்தக் கதையைத் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். ஸ்டோர்காரர் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எழுதாத பழைய அட்டைகளை எரிக்கப் போனார்கள். ஒரு சாக்கு நிறைய அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவள் அதில்தான் காலருக்கும் பாக்கெட்டுக்கும் அளவு வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அந்த அட்டைகளுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனவர் இருட்டுகிறவரை வரவில்லை. அவள் தேடிப் போனாள். நான்கு தெரு தள்ளி, கால்வாய்ப் பாலத்தின் கட்டையில் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வழி தெரியலை" என்றார் கடைசியில்.

"இருட்டிடுச்சுல்ல, யாருக்குமே குழப்பமா இருக்கும்."

"சமாதானம் சொல்லாத. நான் ஸ்டோர்ல உக்காந்தவன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பசங்களுக்குத் தெரியக் கூடாது. தெருவுக்கும் தெரியக் கூடாது. எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு, இந்த ஒரு பேரைத் தவிர? சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

மறுநாள் உட்கார்ந்து அட்டைகளை எழுதினாள். மறதி என்று எழுதினால் அவர் கிழித்துப் போட்டுவிடுவார். ஸ்டோர் பாஷையில் எழுதினால்? 'பொருள்: அடுப்பு. இருப்பு: அணைத்த நிலை. சரிபார்க்கவும்.' நூல் கட்டித் தொங்கவிட்டாள். அவர் பார்த்தார். அடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு மாத்திரை டப்பாவுக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. கதவில் தொங்கினாலும் சரி, டப்பாவில் தொங்கினாலும் சரி, அட்டை சொன்னால் அவர் கேட்பார்.

ஒரு அட்டை மட்டும் வெளியில் தொங்கவில்லை. அது உள் அலமாரியில், அவருடைய காக்கிச் சட்டையின் நெஞ்சில் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தது.

'பொருள்: காக்கிச் சட்டை. வேலை முடிந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஸ்டோரை ஒப்படைத்தாகிவிட்டது. சாவியும் கொடுத்தாகிவிட்டது. வீட்டிலேயே இருக்கவும்.'

வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவள் டீ போடும்போது அலமாரி திறக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றும் கேட்காது. எட்டிப் பார்த்தால், ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி அட்டையைப் படித்துக்கொண்டு நிற்பார். படித்து முடித்துச் சட்டையைக் கழற்றி மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு வருவார். அன்றைக்கு டீ குடிக்கும்போது முகத்தைக் காட்டமாட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் செய்வான். வேறு ஊரில் ஆபீஸ் வேலை. போன் அப்பா கையில்தான் இருக்கும். பின்னால் அவள் குரல் கேட்கும். "என்ன கிழமைங்க இன்னைக்கு? என் கத்தரியைப் பாத்தீங்களா?"

"என்னப்பா, அம்மா கிழமைகூடக் கேக்குறாங்க?"

"அவளுக்கு இப்ப அப்படித்தாண்டா. நேத்து ரெண்டு தடவை பாலை அடுப்புல வச்சுட்டுப் போயிட்டா. பாத்திரம் கரியாப் போச்சு. நான் போய் அணைச்சேன்."

பாலை வைத்தவர் அவர். அணைத்தவள் அவள். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சம்பவம் அவர் தலைக்குள் போய் ஆள் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அதைக் கேட்டாள். மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். பாலத்துக் கட்டை நினைவுக்கு வந்தது. பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

அந்தப் பேச்செல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று அவள் நினைக்கவில்லை. மழைக்காலத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகனும் மகளும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். தனித்தனியாக வந்தால் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றாக வந்தால் ஏதோ முடிவோடு வந்திருக்கிறார்கள்.

வருகிறார்கள் என்று காலையிலேயே போன் வந்துவிட்டது. அப்போதிருந்து அவள் அவரை உட்காரவைத்துத் தயார் செய்தாள். தேதி என்ன, பேரன் என்ன படிக்கிறான், மாப்பிள்ளைக்கு எந்தக் கால் முறிந்தது. அவரும் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

மகள் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் பெயர் பதிகிற வேலை பார்ப்பவள். வந்ததும் வராததுமாக வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பில் அட்டை, குழாயில் அட்டை, டப்பாவில் அட்டை. எல்லாம் அம்மாவின் கையெழுத்து. அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

சோறும் முட்டைக் குழம்பும் சாப்பிட்டு முடித்ததும் மகன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினான். 'வயதானாலும் மூளை கூர்மையாக இருக்கப் பத்து வழிகள்.' பொருள்களை அதனதன் இடத்தில் வையுங்கள். மறக்கக் கூடியதை எழுதி வையுங்கள். தினமும் மூளைக்கு வேலை கொடுங்கள். மகள் தன் பங்குக்கு ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கி வந்திருந்தாள்.

"இது யாருக்கு?" என்றாள் தையல்காரம்மா.

"உனக்குத்தாம்மா. தினம் ஒரு பக்கம் போடு."

"எனக்கா? எழுதி வைன்னு அதுல போட்டிருக்கு. நான் எழுதி வச்சா அது வியாதிங்கிறீங்க."

"யாரும் வியாதின்னு சொல்லலைம்மா."

"சொல்லலை. உன் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கு."

ஸ்டோர்காரர் சிரித்தார். "டெய்லருக்குக் கோபம் வருது பாரு. அப்போ தலை நல்லாத்தான் இருக்கு."

மகள் பேனாவும் கையுமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். "கோபப்படாத. சும்மா நாலு கேள்வி. எங்க கிளினிக்ல எல்லாருக்கும் கேக்குறதுதான். ஒரு கடிகாரம் வரை பாக்கலாம்."

தையல்காரம்மா சாக்குக்கட்டியை எடுத்து மேசைமேல் ஒரே வீச்சில் வட்டம் போட்டாள். பன்னிரண்டு எண்ணும் சரியாக உட்கார்ந்தது. சட்டைத் துணியில் கைக்குழி வெட்டிப் பழகிய கை.

"நல்லா இருக்கும்மா. சரி, இன்னைக்கு என்ன தேதி?"

அங்கேதான் அவள் தவறினாள். இரண்டு வருஷப் பழக்கம். தேதி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தலை தானாக அவர் பக்கம் திரும்பிவிட்டது.

"இன்னைக்கு என்ன தேதிங்க?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஸ்டோர்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, தேதியும் கிழமையும் சேர்த்துச் சொன்னார். மகன் போனைப் பார்த்தான். சரியாக இருந்தது. காலையிலிருந்து அவள் இருபது தடவை சொல்லிக்கொடுத்த தேதி.

"எனக்குத் தெரியும்டி. நான் அவருக்காகக் கேட்டேன்" என்றாள். அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

"சரிம்மா, சரி" என்று மகள் அவள் முதுகைத் தடவினாள். குழந்தையைத் தடவுகிற மாதிரி.

மகனுக்கு அப்பாவைப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. "அப்பா, பிரேக் ஷூ எங்க?"

"நாலாம் ரேக், ரெண்டாம் தட்டு, இடது மூலை."

"ஃபேன் பெல்ட்?"

"பத்து, ஒண்ணு. சின்னது முன்னால, பெரிசு பின்னால. ஈரம் படாம இருக்கச் சாக்கு போட்டிருக்கேன்."

"வீல் பேரிங்?"

"ஏழு, மூணு. நேத்து வரைக்கும் இருபத்தாறு இருக்கு."

'நேத்து வரைக்கும்' என்றதை இரண்டு பேரும் ஜோக் என்று எடுத்துக்கொண்டார்கள். மகன் கை தட்டினான். "பாத்தியா? எனக்கு என் ஆபீஸ் பாஸ்வேர்டே நிக்க மாட்டேங்குது. அப்பாவுக்குக் கல்லுல வெட்டி வச்ச மாதிரி இருக்கு."

பிறகு முடிவைச் சொன்னார்கள். திங்கட்கிழமை மத்தியான பஸ்ஸில் அம்மா மகளோடு போக வேண்டியது. கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறது, பெரிய டாக்டர் வருகிறார். மகள் வீட்டில் இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது. அப்பா இங்கேயே இருக்கட்டும், அவருக்கென்ன, அவர் கெட்டி.

"ஆமாம், நான் பாத்துக்குவேன்" என்றார் ஸ்டோர்காரர். "நீ போய் உடம்பைப் பாத்துக்கிட்டு வா, டெய்லரம்மா."

அவர் தனியாக இந்த வீட்டில் ஒரு வாரம் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அடுப்பு இருக்கிறது, கால்வாய் இருக்கிறது.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவும்போது மகளிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பாலத்துக் கட்டை, சத்தியம், அட்டை, கத்தரியை ஒளித்து வைப்பது, பால் பாத்திரம். சத்தியத்தை மீறுகிறோம் என்ற நினைப்பில் கிழங்கைப் பார்க்காமல் சீவினாள். கத்தி விரலில் பட்டது.

மகள் அவள் விரலைக் குழாயில் காட்டிக் கழுவினாள். "அம்மா, நான் சொல்றதைக் கோபப்படாம கேளு. கிளினிக்ல தினம் பாக்குறேன். தனக்கு நடக்குறதை எல்லாம் வீட்டுக்காரருக்கு நடக்குதுன்னு சொல்றவங்க எத்தனை பேரு தெரியுமா? அவங்க பொய் சொல்லலை. அவங்களுக்கு அப்படித் தோணுது."

"அடிப்பாவி. உன்னைப் பெத்தவ சொல்றேன்."

"பெத்தவளேதாம்மா. அதனாலதான் கூட்டிட்டுப் போறேன்."

தையல்காரம்மா ஈரக் கையோடு முன்னறைக்குப் போனாள். மகன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஸ்டோர்காரர் பித்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு ஓட்டை பித்தான், இரண்டு ஓட்டை பித்தான் என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இவங்ககிட்ட சொல்லுங்க. அன்னைக்கு ரொட்டியை வச்சுக்கிட்டுப் பாலத்துல உக்காந்திருந்தது யாரு?"

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"நீதான்" என்றார். "நான்தானே உன்னைத் தேடிக்கிட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்தேன். நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுத. பசங்களுக்குச் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கின." முகம் கனிந்தது. "இன்னைய வரைக்கும் நான் சொல்லலையே. நீயே சொல்லிட்டியே."

அவர் கண்ணில் ஒரு துளிக் கள்ளம் இல்லை. அதுதான் அவளைச் சாய்த்தது. ஐம்பது வருஷமாகப் பார்த்த முகம். பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவக்கவில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பாலத்தில் உட்கார்ந்திருந்தது தானேதானோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

மகன் பேப்பரை மடித்துக்கொண்டே, "போதும்மா. துணி எடுத்து வை" என்றான்.

அன்று சாயங்காலம் மகள் அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். தையல்காரம்மா மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். பாதி தைத்துக் கிடந்த துணிகளுக்கு யார் யாருடையது என்று சீட்டு எழுதிக் குத்தினாள். அதை எழுதும்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் தள்ளிவிட்டாள். படுத்த பிறகும் அது பக்கத்திலேயே படுத்திருந்தது.

டிப்போ பக்கம்தான். ஏழு நிமிஷ நடை. பெரிய ரோடு எதையும் தாண்ட வேண்டாம். எதிர்வீட்டு டிரைவருக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட். பார்த்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். பசங்கள் கண்ணால் பார்த்தால் போதும். ஒரே ஒரு தடவை.

திங்கட்கிழமை விடிந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அலமாரியைத் திறந்து, காக்கிச் சட்டையின் நெஞ்சிலிருந்து ஊக்கைக் கழற்றி அட்டையை எடுத்தாள். ஊக்கைத் திரும்பச் சட்டையிலேயே மாட்டினாள். அட்டையை மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். அன்றைக்கு டீ போடவில்லை. கிழமை கேட்கவில்லை. கிடைத்த துணியை எடுத்து மிஷினில் உட்கார்ந்து, தைத்த மடிப்பின்மேலேயே திரும்பத் தைத்தாள்.

அலமாரி திறந்தது. அவள் மிஷினை நிறுத்தவில்லை. பிறகு செருப்புச் சத்தம். அவர் முன்னறைக்கு வந்தார். பித்தான் கழுத்து வரை போட்டிருந்தார். இருபது வயசு குறைந்த மாதிரி நடை.

"போயிட்டு வர்றேன். இன்னைக்கு லோடு வருது. மதியம் லேட்டாகும்."

இப்போது சொன்னால் போதும். 'என்னங்க, உக்காருங்க' என்றால் போதும்.

"குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

கேட் கிரீச்சிட்டது. பசங்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

*

எட்டு மணி வாக்கில் எதிர்வீட்டு டிரைவர் கூட்டிக்கொண்டு வந்தான். ஸ்டோர்காரர் முழுக்க நனைந்திருந்தார். குடை இல்லை. இடுப்பில் யாருடையதோ எண்ணெய்த் துண்டு சுற்றியிருந்தது. அது எதற்கென்று தையல்காரம்மாவுக்குப் பார்த்ததுமே புரிந்தது. அவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

"என்ன ஆச்சு? எங்க போனாரு?" மகன் பல் தேய்க்கிற பிரஷோடு ஓடி வந்தான்.

"டிப்போவுக்குத்தான் தம்பி. நான் வண்டியை எடுத்துட்டு ஒரு டிரிப் அடிச்சுட்டு வந்துதான் பாத்தேன். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தான். "ஸ்டோர் இப்ப பழைய இடத்துல இல்லை. அந்த ரூம்ல இப்ப டயர் அடுக்கி வச்சிருக்காங்க. ஸ்டோர் சார் அந்தக் கம்பி ஜன்னல்ல நின்னுக்கிட்டு, என் சாவியை யாருடா எடுத்தது, கையெழுத்துப் போட்டானா இல்லையான்னு சத்தம் போட்டிருக்காரு. எல்லாம் புதுப் பசங்க. சாரை யாருக்குத் தெரியும்?"

"யாரும் வீட்டுக்கு அனுப்பலையா?"

"எங்க... அனுப்பலை. ஒருத்தன் வந்து, சார், வீல் பேரிங் எங்கன்னு கேட்டிருக்கான். சார் சொல்லியிருக்காரு. அவன் கை தட்டியிருக்கான். இன்னொருத்தன் வந்து வேற ஒண்ணு கேட்டான். அப்படியே கூட்டம் சேந்துடுச்சு. ஒரு டயர் மேல உக்கார வச்சுட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு கேக்குறது, சார் சொல்றது, எல்லாரும் கை தட்டுறது. ஒரு மணி நேரத்துக்கு மேல. போன்ல படம்கூட எடுத்தானுங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "சாருக்கு ஒண்ணுக்குப் போகணும் போல இருந்திருக்கு. கக்கூஸ் எங்கன்னு தெரியலை. கேக்கவும் கூச்சம். அப்படியே... அப்பவும் சிரிச்சானுங்க அக்கா. நான் போனப்ப அவரு டயரைவிட்டு எந்திரிக்கல. எந்திரிச்சா தெரிஞ்சிடும்னு உக்காந்தே இருந்தாரு. உக்காந்தபடியே நம்பரு சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அவள் கணக்குப் போட்டதில் வழி இருந்தது, தூரம் இருந்தது, மழை இருந்தது. கை தட்டல் இல்லை.

டிரைவர் போன பிறகு மகள் அழுதாள். மகன் அழவில்லை. அவன் கோபப்பட்டான்.

"எத்தனை நாளா இப்படி? ரெண்டு வருஷமா? ரெண்டு வருஷமா மறைச்சு வச்சிருக்கியா? ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது புத்தி வேணாம்? முன்னாடியே சொல்லியிருந்தா மருந்து ஏதாவது பாத்திருக்கலாம்ல?"

"நேத்து சொன்னேன்."

"நேத்து சொன்னா? இப்படித்தான் சொல்றதா? தெளிவாச் சொல்லணும்மா."

தையல்காரம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுத் தலை கெட்டவள். இன்றைக்கு எல்லாம் தெரிந்தும் மறைத்த கெட்டிக்காரி.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் மாறிவிட்டது. அப்பாவை எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடியாது, புது இடம் இன்னும் குழப்பும் என்று மகள் சொன்னாள். கிளினிக்கில் தினம் பார்க்கிறாளாம். மாதம் ஒரு தடவை வந்து பார்க்கலாம் என்றான் மகன். பையிலிருந்த அம்மாவின் துணிகளை மகளே எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.

"நல்லவேளைம்மா, உனக்கு ஒண்ணும் இல்லை" என்றாள். "நீ பாத்துக்குவ. அந்த அட்டை எல்லாம் நல்ல ஐடியாம்மா. எங்க டாக்டர்கிட்ட சொல்றேன்."

மத்தியான பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். குறுக்கெழுத்துப் புத்தகம் மேசைமேல் கிடந்தது. ஃபிரிட்ஜில் தாள் இருந்தது.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. பிரிக்கவில்லை. வீட்டில் அவர் இருந்தார், அவள் இருந்தாள்.

சாயங்காலம் வரை ஸ்டோர்காரர் உள் அறையைவிட்டு வரவில்லை. காய்ந்த காக்கிச் சட்டையை மடித்து வைக்க எடுத்தவர், நெஞ்சில் மாட்டியிருந்த வெறும் ஊக்கைப் பார்த்துவிட்டார். நகத்தால் நெருடினார். அப்புறம் வீட்டில் ஒரு தேடல் தொடங்கியது. அலமாரி, கூடை, கட்டிலுக்கு அடியில். கத்தரியைத் தேடித் தேடிப் பழகியவர். எந்த இடத்தையும் விடவில்லை. தையல்காரம்மா தடுக்கவில்லை. கடைசியில் மிஷின் டிராயரை இழுத்தார். நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியில் வைத்தார். அட்டை வந்தது.

நின்றபடியே படித்தார். வேலை முடிந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஸ்டோரை ஒப்படைத்தாகிவிட்டது.

"இது சட்டையில இருந்தது" என்றார்.

"ஆமாங்க."

"நீ எடுத்தியா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். காலையில் மறந்துவிடும்.

"நான்தான் எடுத்தேன்."

அவர் கத்தவில்லை. அட்டையை மேசைமேல் வைத்து, பேனாவை எடுத்து மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"கையெழுத்துப் போடு. தேதியும் போடு."

தேதி அவளுக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் போட்டாள்.

அவரே அந்த அட்டையை ஊக்கால் சட்டை நெஞ்சில் திரும்பக் குத்தினார். அதை அவள் எடுக்க முடியாது. எடுத்தால் அவர் டிப்போவுக்குப் போய்விடுவார். புதிதாக ஒன்று எழுதி மாற்றிப் பார்த்தாள். "பழசு எங்க? கையெழுத்து இல்லாம அட்டை மாத்தக் கூடாது" என்று வீட்டைப் புரட்டிவிட்டார். திரும்பப் பழையதையே குத்த வேண்டியதாகிவிட்டது.

மகன் வந்து போனது, மகள் அழுதது, டயர், கை தட்டல், எல்லாம் ஒரு வாரத்தில் அவரைவிட்டுப் போய்விட்டன. பேரன் பேரும் போய்விட்டது. கிழமை கேட்டால் இப்போதெல்லாம் சிரிப்புதான். ஆனால் அலமாரி திறக்கிற காலைகளில், காக்கிக்குள் ஒரு கையை விட்டபடி அவர் அட்டையைக் கடைசிக் கட்டம் வரை படிக்கிறார். முதல் தடவை படிக்கிற மாதிரி படிக்கிறார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அட்டையோடு முன்னறைக்கு வருகிறார்.

"இதுல உன் கையெழுத்து இருக்கு."

"ஆமாங்க."

"எதுக்கு எடுத்த?"

ஒரு நாள் அளவு வெட்ட என்றாள். ஒரு நாள் தெரியாமல் என்றாள். ஒரு நாள் உண்மையைச் சொன்னாள். அதற்கும் அவர் அதே மாதிரி தலையாட்டினார். அவளே அட்டையைத் திரும்பச் சட்டையில் குத்தி வைத்தாள், மறுநாள் அவர் திரும்ப வந்து கேட்டார்.

இன்றைக்கும் கேட்டார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அட்டையைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, டம்ளரைக் கையில் எடுத்தார்.

"பரவாயில்லை. எழுதி வச்சதால தெரிஞ்சுது" என்றார். "இல்லைன்னா யாரு எடுத்தாங்கன்னு எனக்கு ஞாபகமே இருந்திருக்காது."